மென்பொருளைச் சோதிப்பவர் நம்மை அறிவாரா?

படுவான்கரையின் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண்மணி அலுவல் நிமித்தம் மட்டக்களப்பு நகருக்கு வருகிறார் என வைத்துக்கொள்வோம். 2014 ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை இயந்திரப் படகுப் பாதையில் ஏறி வாவியைக் கடந்தவர், இப்போது பஸ்ஸில் ஏறி வருகிறார். அவர் பிறந்தது 1971 மார்ச் 5 ஆம் திகதி. அலுவலகக் கணினியில் அவரது பிறந்த திகதியும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் பதியப்படுகின்றன. 'பிறந்த திகதி அடையாள அட்டையுடன் பொருந்தவில்லை' என்று திரை அறிவிக்கிறது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மறுநாள் வருமாறு அவரிடம் கூறப்படுகிறது. மறுநாளும் திரை அதையே கூறும். ஏனெனில் பிழை அவரது பத்திரங்களில் இல்லை. கணினிக்குக் கற்பிக்கப்பட்ட கணக்கில் இருக்கிறது.

இக்காட்சி நாம் புனைந்துகொண்ட ஒன்றே. ஆனால் அதற்கு அடிப்படையான கணக்கு புனைவன்று. ஒரு மென்பொருள் மக்கள் முன் வைக்கப்படுவதற்கு முன்னர் எத்தகைய தரவுகளைக் கொண்டு சோதிக்கப்படுகிறது, அத்தரவுகளை ஆக்குபவர் யார் என்னும் வினாக்கள் கணினித் துறையினருக்கு மட்டும் உரியவையல்ல என்பதை விளக்க அக்கணக்கு நல்லதோர் உதாரணமாகும்.

அடையாள அட்டை இலக்கத்தின் கணக்கு

நமது பழைய அடையாள அட்டை இலக்கம் 9 எண்களையும் ஓர் ஆங்கில எழுத்தையும் கொண்டது. முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் ஒருவர் பிறந்தார் என்பதைக் காட்டும். பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். அதற்கடுத்த மூன்று எண்கள் தொடர் இலக்கமாகும். இறுதி எண் சரிபார்ப்புக்குரியது. 2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்தில் 12 எண்கள் உள்ளன, எழுத்து இல்லை. ஆண்டு நான்கு எண்களில் முழுமையாக எழுதப்படுகிறது. 2000 ஆம் ஆண்டில் பிறந்தவர்கள் 16 வயதை எட்டிய ஆண்டும் 2016 தான் என்பதை நினைவிற் கொண்டால், இரண்டு எண்களால் இனி ஆண்டைக் குறிக்க இயலாது என்பது விளங்கும்.

இதில் பலரும் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. நாட்களை எண்ணும்போது எல்லா ஆண்டுகளும் 366 நாட்களைக் கொண்டவையாகவே கொள்ளப்படுகின்றன. நெட்டாண்டாயினும் அல்லாவிடினும் பெப்ரவரிக்கு 29 நாட்கள். எனவே மார்ச் முதலாம் திகதி எப்போதும் 61 ஆவது நாள். டிசம்பர் 31 எப்போதும் 366 ஆவது நாள். மேற்கூறிய பெண்மணியின் இலக்கம் 71 எனத் தொடங்கி, அடுத்து 565 எனத் தொடரும். 65 ஆவது நாளுடன் 500 கூட்டப்பட்டதால் வந்தது அது. ஆனால் நாட்காட்டியின்படி 1971 நெட்டாண்டன்று. அவ்வாண்டில் மார்ச் 5 என்பது 64 ஆவது நாள். நாட்காட்டியை மட்டும் அறிந்த மென்பொருள் 65 ஐ மார்ச் 6 என்றே வாசிக்கும். நெட்டாண்டல்லாத ஆண்டுகளில் மார்ச் மாதத்திற்கும் டிசம்பருக்கும் இடையில் பிறந்த ஒவ்வொருவருக்கும் இதே கதிதான்.

இவ்வளவு பெரிய பிழை சோதனையில் அகப்படாமற் போவது எவ்வாறு? சோதிப்பவர் வழக்கமாகச் செய்வதைக் கவனித்தால் விடை கிடைக்கும். அவர் எளிதான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறார்: 1980 ஜனவரி 1 என்பது போல. அது நெட்டாண்டு, ஜனவரி மாதமுங்கூட. எந்த வழியிற் கணக்கிட்டாலும் விடை ஒன்றே. சோதனை வெற்றி பெறுகிறது. மென்பொருள் அலுவலகத்துக்குச் செல்கிறது. ஒருவர் தாமே சிந்தித்துத் தெரிவு செய்யும் உதாரணங்கள் அவர் ஏற்கெனவே சிந்தித்த வழியிலேயே அமையும். அவர் எதை எண்ணிப் பார்க்கவில்லையோ அது உதாரணத்திலும் இடம்பெறுவதில்லை.

பண்புவழிச் சோதனை

இக்குறையை நீக்க முனைந்தவர்களுள் சுவீடனின் சால்மர்ஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூன் கிளாசன், ஜோன் ஹியூஸ் ஆகிய இருவரும் முக்கியமானவர்கள். 2000 ஆம் ஆண்டில் ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழிக்காக அவர்கள் வெளியிட்ட 'குயிக்செக்' என்னும் கருவி ஒரு புதிய வழியைத் திறந்தது. இன்று பைதன், ஜாவா முதலிய மொழிகளுக்கும் அத்தகைய கருவிகள் உள்ளன. இம்முறையைத் தமிழில் பண்புவழிச் சோதனை எனலாம்.

இதன் கருத்து எளிமையானது. 'இந்தத் தரவைக் கொடுத்தால் இந்த விடை வரவேண்டும்' என்று தனித்தனி உதாரணங்களை எழுதுவதற்குப் பதிலாக, எந்தத் தரவைக் கொடுத்தாலும் பொய்க்கக்கூடாத ஒரு பண்பைச் சோதிப்பவர் எழுதுகிறார். உதாரணமாக, 'ஒருவரின் அட்டை இலக்கத்திலிருந்து பெறப்படும் பிறந்த திகதி அவர் உண்மையிற் பிறந்த திகதியாகவே இருக்கவேண்டும்' என்பது ஒரு பண்பு. 'பழைய இலக்கத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றினாலும் திகதியும் பாலும் மாறக்கூடாது' என்பது மற்றொன்று. பின்னர் கணினியே நூற்றுக்கணக்கான தரவுகளை எழுமாற்றாக ஆக்கி அப்பண்பைச் சோதிக்கிறது. பண்பு பொய்க்கும் ஒரு தரவு அகப்பட்டவுடன் அதைச் சோதிப்பவரிடம் காட்டுகிறது.

அத்தரவுகளை ஆக்கித்தரும் பகுதியே தரவாக்கி. எண்கள், எழுத்துத் தொடர்கள் முதலியவற்றுக்கான பொதுவான தரவாக்கிகள் கருவியோடு கூடவே வருகின்றன. ஆனால் ஒரு பிரதேசத்தின், ஒரு துறையின் உண்மையான தரவுகளுக்கு அவை போதா. அவற்றுக்கான தரவாக்கியை நாமே எழுதவேண்டும்.

எழுமாற்று மட்டும் போதுமா?

வாவியில் வலை வீசுபவர் அறிந்த உண்மை ஒன்றுண்டு: எந்த மீன் அகப்படும் என்பதை வாவி மட்டும் தீர்மானிப்பதில்லை, வலைக்கண்ணும் தீர்மானிக்கிறது. பெரிய கண்ணுள்ள வலையை நாள் முழுவதும் வீசிவிட்டு, வாவியில் இறாலே இல்லை என்று கூறுவது தவறு. தரவாக்கியும் அத்தகையதே.

முன்னைய உதாரணத்தையே தொடர்வோம். பிழையை அறிந்த நிரலாளர், நெட்டாண்டல்லாத ஆண்டுகளில் பெப்ரவரிக்குப் பின்வரும் நாட்களில் ஒன்றைக் கழித்துவிடுமாறு நிரலைத் திருத்துகிறார். ஆனால் '60 க்கு மேற்பட்டால்' என்று எழுதவேண்டிய இடத்தில் '60 உம் அதற்கு மேற்பட்டும்' என்று எழுதிவிடுகிறார். இப்போது, 1971 பெப்ரவரி 29 என்னும் இல்லாத நாளைக் குறிக்கும் தவறான இலக்கம் ஒன்று வந்தால், அதை நிராகரிக்காமல் பெப்ரவரி 28 ஆக ஏற்றுக்கொள்ளும். நாளுக்குரிய மூன்று எண்களும் 000 முதல் 999 வரை எழுமாற்றாக வருமெனின், 060 அல்லது 560 வருவது ஐந்நூறில் ஒரு தடவை. அதுவும் நான்கில் மூன்று ஆண்டுகளில் மட்டுமே பிழையைக் காட்டும். நூறு தடவை சோதித்தாலும் அது ஒருமுறையேனும் வராமற் போகும் நிகழ்தகவு ஏறத்தாழ நூற்றுக்கு 86 ஆகும்.

பெயர்களின் நிலை இன்னும் மோசமானது. உலக எழுத்துகள் அனைத்துக்கும் இடமளிக்கும் யுனிகோட் முறையில் 11,14,112 குறியீட்டு இடங்கள் உள்ளன. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியில் 128 இடங்களே உள்ளன. எல்லா இடங்களிலிருந்தும் எழுமாற்றாக ஒரு குறியீட்டை எடுத்தால் அது தமிழ்த் தொகுதியிலிருந்து வருவது ஏறத்தாழ 8,700 தடவைக்கு ஒருமுறை. எட்டெழுத்துள்ள ஒரு தமிழ்ப் பெயர் அவ்வாறு தானாக அமையும் எனக் காத்திருப்பது வீண்.

தரவாக்கியை எழுதும் முறை

நல்லதொரு தரவாக்கி வடிகட்டுவதில்லை, ஆக்குகிறது. எழுமாற்றாக வருவனவற்றுள் பொருந்தாதவற்றைக் கழித்துக்கொண்டிருப்பது காலவிரயம். மாறாக, முதலில் ஓர் ஆண்டைத் தெரிவு செய்ய வேண்டும். அவ்வாண்டில் உண்மையாக உள்ள ஒரு திகதியையும், பின்னர் பாலையும் தெரிவு செய்து, 366 நாள் கணக்கின்படி நாளின் எண்ணைப் பெறவேண்டும். பெண்ணாயின் 500 ஐக் கூட்டி, தொடர் எண்ணையும் சரிபார்ப்பு எண்ணையும் சேர்க்கவேண்டும். இவ்வாறு ஆக்கப்படும் ஒவ்வோர் இலக்கமும் செல்லுபடியானதாக இருக்கும். நிராகரிக்கப்பட வேண்டிய இலக்கங்களுக்கு வேறொரு தரவாக்கி தேவை.

பெயர்களுக்கும் இதே வழிதான். அரிச்சுவடி படித்த எவருக்கும் இது புதிதன்று. 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய்கள் பிறக்கும் அட்டவணையே ஒரு தரவாக்கிதான். சிறு கூறுகளிலிருந்து எழுத்தையும், எழுத்துகளிலிருந்து பெயரையும், முதலெழுத்தும் பெயரும் சேர்த்து ஓர் ஆளின் முழுப்பெயரையும் கட்டியெழுப்புவதே முறை. சிறு தரவாக்கிகளை இணைத்துப் பெரியவற்றை அமைக்கக் கருவிகள் வசதி தருகின்றன.

அடுத்தது, எதற்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதாகும். வாழ்க்கையில் அரிதாக வருபவை சோதனையில் அடிக்கடி வரவேண்டும். பெப்ரவரி 28, 29, மார்ச் 1, டிசம்பர் 31 ஆகிய எல்லை நாட்களுக்கு மூன்றிலொரு பங்கு நிறையை வழங்கினால், முன்னர் ஐந்நூறில் ஒன்றாகத் தப்பிச்சென்ற பிழை முதற்சில தடவைகளிலேயே பிடிபடும். அதன்பின், ஆக்கப்பட்டவற்றுள் பெண்கள் எத்தனை, நெட்டாண்டில் பிறந்தோர் எத்தனை, முதலெழுத்து இல்லாதோர் எத்தனை என்று கணக்கெடுக்க வேண்டும். தரவாக்கியையே சோதிக்காதவர் அதன் சோதனையை நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது, பிழை அகப்பட்டபின் தரவைச் சுருக்குதல். நாற்பது எழுத்துள்ள ஒரு பெயரில் நிரல் தவறினால், கருவி அப்பெயரைப் படிப்படியாகக் குறுக்கி, பிழையை இன்னும் காட்டக்கூடிய மிகச் சிறிய பெயரைக் கண்டுபிடிக்கிறது. இதிலும் கவனம் வேண்டும். தமிழை அறியாத சுருக்கம் உயிர்மெய்யைப் பாதியில் வெட்டி, தனிப் புள்ளியையோ தனித் துணைக்காலையோ பெயரென்று தந்துவிடும். முழு எழுத்து முழு எழுத்தாகவே குறைக்குமாறு நாம் எழுதவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. நிரலை எழுதியவரே அதே தவறான எண்ணத்துடன் தரவாக்கியையும் எழுதினால், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும், சோதனை வெற்றி பெறும், பெண்மணி திருப்பியனுப்பப்படுவார். 366 நாள் என்னும் விதி ஆட்பதிவுத் திணைக்களத்தின் நடைமுறையிலிருந்து வரவேண்டுமேயன்றி நிரலாளரின் ஊகத்திலிருந்து வரக்கூடாது. தரவாக்கியின் அறிவு வெளியிலிருந்து, விடயத்தை அறிந்தவரிடமிருந்து வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

நமது பெயர்களும் ஊர்களும்

அந்த அறிவு நமது பிரதேசத்தில் எவ்வாறானது? தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் மேற்கத்திய முறையிலான குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக முன்னே நிற்கிறது. இரு சமூகத்தாரும் பகிர்ந்துகொள்ளும் தாய்வழிக் குடிமரபில் குடி தாயிடமிருந்து வருகிறது. ஆயினும் அது பெயரில் வருவதில்லை. 'குடும்பப்பெயர் கட்டாயம்' எனக் கேட்கும் படிவத்துக்கு நமது மக்கள் எதையோ எழுதி நிரப்பி, பின்னர் கடவுச்சீட்டிலும் வங்கிக் கணக்கிலும் இரு வேறு ஆட்களாகிவிடுகின்றனர்.

முதலெழுத்து என்பது ஓரெழுத்தாகத்தான் இருக்கும் என்று கருதும் நிரலும் உண்டு. 'க.', 'சி.' என்பவற்றுக்கு அது பொருந்தும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் எங்கும் காணப்படும் 'ஏ.எல்.', 'எம்.ஐ.எம்.' போன்றவற்றுக்குப் பொருந்தாது. முஹம்மது, முகம்மது, முஹம்மத், மொஹமட் என ஒரே பெயர் பல வடிவங்களில் எழுதப்படுகிறது. ஒரு வடிவத்தைத் தேடினால் மற்றவையும் தென்படவேண்டும்; அதேவேளை இருவேறு ஆட்களை ஒருவரெனக் கணினி தானாக இணைத்துவிடவும் கூடாது. இவை இரண்டும் எழுதிச் சோதிக்கத்தக்க பண்புகளே.

ஊர்ப்பெயர்களிலும் சிக்கல் உண்டு. கொக்கட்டிச்சோலை என்னும் பெயரைப் பாருங்கள். அதிலுள்ள 'கொ', 'சோ' ஆகிய எழுத்துகளின் உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; கொம்பையும் காலையும் இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட பழைய ஆவணத்தில் பிரிந்த வடிவம் இருக்கலாம். புதிதாகத் தட்டெழுதியதில் சேர்ந்த வடிவம் இருக்கலாம். இரண்டையும் ஒருமைப்படுத்தும் விதி யுனிகோட் முறையிலேயே உண்டு. அதை நிரலாளர் கையாளாவிடின், கண்ணெதிரே உள்ள கொக்கட்டிச்சோலையைக் கணினி 'இல்லை' என்று கூறும். 'ஸ்ரீ' என்னும் எழுத்தோ இரு வேறு மெய்களைக்கொண்டு எழுதப்படக்கூடியது. அவ்விரண்டையும் அந்த விதிகூட ஒன்றாக்குவதில்லை.

நீளமும் அவ்வாறே. மட்டக்களப்பு என்பது நமது கணக்கில் 8 எழுத்து. யுனிகோடில் 12 குறியீடு. பரவலாக வழங்கும் யூ.டி.எப்-8 முறையில் சேமிக்கும்போது 36 பைட்டு. 30 பைட்டுக்கு இடம் ஒதுக்கிய ஒரு களத்தில் நமது மாவட்டத்தின் பெயரே அடங்காது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டு சோதித்தவருக்கு இது தெரியவே வராது.

உண்மைத் தரவைப் பயன்படுத்தினால் என்ன?

உண்மையான பதிவேட்டின் பிரதியொன்றை எடுத்துச் சோதித்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பெயர்ப்பட்டியல் என்ற சொல்லையே அச்சத்துடன் கேட்கப் பழகிய மக்கள் வாழும் பிரதேசம் இது. யாருடைய பெயரும் முகவரியும் தேவையற்ற கைகளுக்குச் செல்வதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ள இயலாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் நிறைவேற்றப்பட்டதும் அத்தகைய அக்கறையின் விளைவே. தரவாக்கி ஆக்கும் ஆட்கள் எங்கும் வாழாதவர்கள். அவர்களது விபரம் வெளியே சென்றாலும் எவருக்கும் தீங்கில்லை. மேலும், நேற்றைய பதிவேட்டில் நேற்று வந்தவர்கள் மட்டுமே உள்ளனர். நாளை வரப்போகும் அரிய பெயரைத் தரவாக்கியே தரவல்லது.

2004 டிசம்பர் 26 ஐ எண்ணிப் பார்ப்போம். கடல்கோள் நாடெங்கும் 30,000 க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நமது கரையோரத்தில் மக்கள் முகாம் முகாமாக உறவினரைத் தேடினர். அவ்வேளை இலங்கையின் மென்பொருளாளர்கள் தன்னார்வத்துடன் ஒன்றுகூடி 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோரைத் தேடுதல், முகாம்களைப் பதிதல் ஆகியவை அதன் பணிகளுள் அடங்கும். 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. அத்தகைய மென்பொருளில் ஒரு பெயர் கிடைக்காமற் போவது என்னவென்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. முகாமில் ஒருவர் 'முஹம்மத்' என்று பதிய, தேடிவரும் தாய் 'முகம்மது' என்று கொடுத்தால், இல்லை என்ற விடை அவரை அடுத்த முகாமுக்கல்ல, அழுகைக்கே அனுப்பும். பேரிடரின் நடுவே சோதிக்க அவகாசமில்லை. சோதனை அதற்கு முன்னரே நடந்திருக்கவேண்டும்.

ஆகவே நாம் முன்வைக்க விரும்பும் யோசனை இதுதான். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. கணினி பயிலும் மாணவர்களும் தமிழ், அரபு மொழிகளை அறிந்த ஆசிரியர்களும் அங்கு இருக்கின்றனர். இந்நாட்டுப் பெயர்கள், முதலெழுத்துகள், ஊர்கள், அட்டை இலக்கங்கள் ஆகியவற்றுக்கான பொதுத் தரவாக்கி ஒன்றை அவர்கள் கூட்டாக எழுதி, எவரும் இலவசமாகப் பயன்படுத்த வெளியிடலாம். எந்தப் பெயர் எவ்வாறெல்லாம் எழுதப்படுகிறது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமும் பதிவாளரிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பாடசாலை அதிபரிடமும் கேட்டறியலாம். மென்பொருளை விலைகொடுத்து வாங்கும் அரச அலுவலகங்கள், அத்தரவாக்கியைக்கொண்டு சோதிக்கப்பட்டதா என்பதைக் கேள்விமனுக்கோரலின்போதே ஒரு நிபந்தனையாக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. படுவான்கரையிலிருந்து வந்த பெண்மணி இரண்டாவது தடவையும் பஸ் ஏறி வருவதைத் தவிர்க்க அது போதுமானது.